எர்த்ஸீ நாலாவது புக் பாதியில நிக்குது, மேல படிக்கலாமா?

தோணிக்காரன்:

வணக்கம் மக்களே. கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுமையா படிச்சு பதில் சொல்லுங்க. முத நாலு புத்தகத்தோட கதை இதுல வருது, அதனால இன்னும் படிக்காதவங்க இங்கயே நின்னுக்கோங்க.

அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா கே. லெ குவினோட எர்த்ஸீங்கற மந்திரவாதிக் கதை வரிசைய போன மாசம்தான் ஆரம்பிச்சேன். முத மூணையும் ஒம்போது நாள்ல முடிச்சேன், கம்பெனி பஸ்ல, சாப்பிடறப்ப, ராத்திரி எல்லாரும் தூங்குனதுக்கு அப்புறம் போன்லன்னு விடாம படிச்சது. ‘அ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ’ல அந்தப் பையன் கெட், கோண்ட் தீவுல ஆடு மேய்ச்சுட்டு இருந்தவன், ரோக் தீவுக்கு மந்திரம் படிக்கப் போய் நான் பெரியவனா நீ பெரியவனான்னு ஒரு வீம்புல செத்தவங்கள எழுப்பப் போய் கூடவே ஒரு நிழலையும் உள்ள விட்டுடறானே, அதுக்கப்புறம் அந்த நிழலுக்குப் பயந்து தீவு தீவா ஓடி, கடைசில அவனோட முதல் குரு ஓகியன் சொன்னதக் கேட்டுத் திரும்பி நின்னு அத இவனே துரத்திட்டுப் போறான். பெரிய சண்டை ஒண்ணு வரும்னு நான் பக்கத்தத் திருப்பிட்டே இருக்கேன், அங்க பாத்தா ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ஒரே பேரச் சொல்றாங்க, அவ்ளோதான். புக்க மூடி வெச்சுட்டு கொஞ்ச நேரம் மொட்டை மாடில நடந்துட்டு வந்தேன்.

‘தி டூம்ஸ் ஆஃப் அட்டுவான்’ இன்னும் நல்லா இருந்துச்சு. அஞ்சு வயசுல ஒரு புள்ளைய வீட்டுலேந்து தூக்கிட்டு வந்து அவ பேரப் புடுங்கி ‘அர்ஹா’ன்னு, அதாவது விழுங்கப்பட்டவன்னு பேர் வெச்சு, வெளிச்சமே கூடாதுங்கற சுரங்கத்துக்கு பூசாரியா ஆக்கிடறாங்க, அங்க கெட் திருட வந்து மாட்டிக்கிட்டு அவளுக்கு அவளோட பழைய பேரத் திருப்பிக் குடுக்கறான், டெனார்னு. மூணாவது ‘தி ஃபார்தஸ்ட் ஷோர்’ல அவன் தலைமை மந்திரவாதி, கூட ஒரு இளவரசன், ரெண்டு பேரும் செத்தவங்க தேசத்துக்கே போய்ட்டு வராங்க.

இப்போ ‘டெஹானு’. டெனாருக்கு நாப்பது வயசு தாண்டிடுச்சு, புருஷன் செத்துட்டான், பண்ணை வீட்டுல இருக்கா, ஒரு தீக்காயப்பட்ட சின்னப் பொண்ண எடுத்து வளக்கறா. சரி, அது வரைக்கும் ஓகே. ஆனா கெட் வரான் பாருங்க, டிராகன் முதுகுல, மயக்கமா, மந்திரம் சுத்தமா போயிடுச்சு. ராஜாவோட ஆளுங்க தேடி வந்தா ஒளிஞ்சுக்கறான். வெக்கப்படறான். மறுபடியும் ஆடு மேய்க்கப் போயிடறான். மீதிப் பக்கமெல்லாம் ஆட்டுப் பால், பாத்திரம், துணி தொவைக்கறது, அக்கம்பக்கத்துப் பேச்சு.

எனக்குக் கோவமே வந்துருச்சு. மூணு புத்தகம் பூரா ஒருத்தன மலை உச்சி வரைக்கும் ஏத்திட்டு இப்படி எறக்கணுமா? சரிபாதில நிறுத்தி பத்து நாள் ஆச்சு. இந்தக் கோவம் எனக்கு மட்டும்தானா, இல்ல படிச்ச எல்லாருக்குமே வருதா? மேல போகலாமா, இல்ல மூணோட நிறுத்திக்கிட்டா நல்ல ஞாபகமா இருக்குமா? நேர்மையா சொல்லுங்க.


பழையபுத்தகம்:

தம்பி, இந்தக் கேள்விய நான் முப்பது வருஷம் முன்னாடி கேக்கணும்னு நெனச்சேன், பக்கத்துல கேக்க ஆள் இல்ல. மூர் மார்க்கெட் எரிஞ்சது 85ல, அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி அங்க பழைய புத்தகக் குவியல்ல முத பாகமும் மூணாவது பாகமும் கெடச்சுது, ரெண்டாவது கெடைக்க மூணு வருஷம் ஆச்சு. அதனால எனக்கு கெட்-னா கூடவே வளந்த அண்ணன் மாதிரி. நாலாவது வந்திருக்குன்னு கேள்விப்பட்டு ஒருத்தர் மூலமா வெளியூர்லேந்து வாங்கிப் படிச்சப்போ உனக்கு வந்த அதே கோவம்தான் எனக்கும். நீ மட்டும் இல்ல. அது வந்த புதுசுல உலகம் பூரா நெறைய பேர் கோவப்பட்டாங்க, பெண்ணியம் பேசறதுக்காக நல்ல கதையக் கெடுத்துட்டாங்கன்னு எழுதுனாங்க, அதே சமயம் அறிவியல் புனைவு, மாயக்கதைங்களுக்குக் குடுக்கற நெபுலா விருது, 1990க்கானது, அதுவும் அதுக்குத்தான் கெடச்சுது. ரெண்டுமே நடந்துச்சு.

இது எப்படி வந்துச்சுன்னு கொஞ்சம் தெரிஞ்சா உனக்கு உதவும். லெ குவின் 1964லயே இந்தத் தீவுகள வெச்சு ரெண்டு சின்னக் கதை எழுதியிருந்தாங்க. அப்புறம் பெர்க்லில பார்னாஸஸ் பிரஸ்னு ஒரு சின்னப் பதிப்பகம், கொஞ்சம் பெரிய பசங்க படிக்கற மாதிரி ஒரு புத்தகம் வேணும்னு கேட்டுச்சு. அப்போ அவங்க யோசிச்சது என்னன்னா, கதைல வர மந்திரவாதி எல்லாருமே வெள்ளத் தாடி வெச்ச கெழவனாவே இருக்காங்களே, இவங்களும் ஒரு காலத்துல பதினஞ்சு வயசுப் பசங்கதானே, அப்போ என்ன தப்பெல்லாம் பண்ணாங்க, எங்க போய் படிச்சாங்க? ரோக் பள்ளிக்கூடம் வந்தது அந்தக் கேள்வியிலேந்துதான். 1968ல முத புத்தகம், 1971ல ரெண்டாவது, 1972ல மூணாவது. மூணாவது முடிஞ்ச கையோட நாலாவத எழுத ஆரம்பிச்சு அது நகரவே மாட்டேன்னு நின்னுருச்சுன்னு அவங்களே சொல்லியிருக்காங்க. டெனார் கோண்ட்ல ஒரு விவசாயியக் கட்டிக்கிட்டான்னு அவங்களுக்குத் தெரியும், ஏன்னு தெரியல. அந்த ‘ஏன்’ புரியறதுக்கு அவங்களுக்குப் பதினெட்டு வருஷம் ஆச்சு. 1992ல ஆக்ஸ்ஃபோர்ட்ல ஒரு உரை குடுத்தாங்க, அதுல இதத்தான் பேசறாங்க, வீரனோட கதைங்கறது ஆம்பளைங்களோட உலகமாவே இருந்துச்சு, நானும் அதுக்குள்ளயே நின்னு யோசிக்காம எழுதிட்டேன், பொம்பளையா நின்னு பாக்கக் கத்துக்கிட்டதுக்கு அப்புறம்தான் மேல எழுத முடிஞ்சுதுன்னு.

இப்போ ஒண்ணு பண்ணு, மூணாவது புத்தகத்தோட கடைசி ரெண்டு பக்கத்த மறுபடியும் எடுத்துப் படி. கெட் டிராகன் மேல ஏறிப் போறப்போ ரோக்ல வாசக்காவல் பாக்கறவர் ஒண்ணு சொல்வார், அவன் செய்ய வேண்டியதெல்லாம் செஞ்சு முடிச்சாச்சு, வீட்டுக்குப் போறான்னு. படிக்கறப்போ நமக்குப் புல்லரிக்கும், சூரியன் மறையற மாதிரி இருக்கும். டெஹானு என்ன பண்ணுதுன்னா அந்த ஒரு வரிய அப்படியே நெசமா எடுத்துக்குது. வீட்டுக்குப் போறான்னு சொன்னீங்களே, சரி, எந்த வீடு, அங்க அடுப்ப யார் எரிய வெச்சுட்டு இருந்தாங்க, இவன் உலகத்தக் காப்பாத்திட்டு இருந்த இத்தன வருஷமும் அங்க யார் தண்ணி எடுத்துட்டு வந்தாங்க? எனக்கு இது புரிய ரிட்டயர் ஆக வேண்டி இருந்துச்சு. காலைல எழுந்தா போறதுக்கு ஆபீஸ் இல்ல, யாரும் சார்னு கூப்பிடறதில்ல, பழைய ஆபீஸ் ஆளு எதிர்ல வந்தா வேற தெருவுல திரும்பிடுவேன். ராஜாவோட ஆளுங்களப் பாத்து கெட் ஒளியறானே, அத அப்போ மறுபடியும் படிச்சேன். கண்ணு கலங்கிருச்சு.

இன்னொண்ணும் ஞாபகப்படுத்தறேன். முத புத்தகத்துல ஓகியன் கூட கெட் முதமுதல்ல நடந்து போறான்ல, மழை வருது, மழைய அப்படியே நிறுத்தத் தெரிஞ்ச மனுஷன் பேசாம ஒரு மரத்தடியில படுத்துக்கறார், பையனுக்கு எரிச்சலா வருது, சக்தி இருந்து என்ன பிரயோஜனம்னு. பூரா வரிசைக்கும் விதை அங்க இருக்கு.


நேர்கோடு:

நான் கொஞ்சம் மாத்திச் சொல்றேன், ஏன்னா கேள்வி கேட்டவர் நேர்மையா சொல்லுங்கன்னு கேட்டிருக்கார். டெஹானு முக்கியமான புத்தகம், ஆனா முழுசா வெற்றியான நாவல்னு என்னால சொல்ல முடியல. இதக் கெட் ஆடு மேய்க்கறாங்கறதுக்காக சொல்லல, அந்தப் பகுதிதான் இருக்கறதுலயே நல்லா எழுதுனது.

எனக்குப் பிரச்சன ஆஸ்பன். ரீ ஆல்பில இருக்கற அந்த மந்திரவாதி. முத மூணு புத்தகத்துலயும் கெட்டது எப்படி வரும்னா உள்ளேந்து வரும், நிழல் யாருன்னு பாத்தா நீயேதான், மூணாவதுல வர வில்லன் காப் கூட சாவுக்குப் பயந்த சாதாரண மனுஷன், அந்தப் பயம் நமக்கும் இருக்கு. ஆஸ்பனுக்கு அந்த மாதிரி உள்ளயே ஒண்ணும் இல்ல, பொம்பளைங்கள வெறுக்கறான், அவ்ளோதான் அவன். இவ்ளோ நுணுக்கமா எழுதறவங்க வில்லன மட்டும் அட்டையில வெட்டுன மாதிரி விட்டது ஏமாத்தமா இருந்துச்சு. ரெண்டாவது, முடிவு. எப்படி முடியுதுன்னு சொல்ல மாட்டேன், ஆனா இருநூறு பக்கத்துக்கு மேல சக்தி இல்லாதவங்க எப்படி வாழறாங்கன்னு மெதுவா மெதுவா காட்டிட்டு கடைசில கதையோட முடிச்ச ஒரு பெரிய சக்தி வந்து அவுக்குது. அது எனக்கு ஒத்துக்கவே இல்ல, இன்னைக்கும்.

அப்புறம் டெனாரும், ஊர் மந்திரக்காரி மாஸ் ஆத்தாவும் ஆம்பள சக்தி பொம்பள சக்தின்னு பேசற எடங்கள்ல ரெண்டு கிராமத்துப் பொம்பளைங்க பேசற மாதிரி இல்லாம சில சமயம் கட்டுரை படிக்கற மாதிரி ஆயிடுது. மாஸ் ஆத்தா தனியா எனக்கு ரொம்பப் பிடிக்கும், மந்திரவாதிங்க ஏன் பொம்பள வாடையே இல்லாம இருக்காங்க, அதுக்குத் தங்கள் மேலயே எப்படி மந்திரம் போட்டுக்கறாங்கன்னு அவ போட்டு ஒடைக்கற எடம் அருமை. முத மூணு புத்தகத்துலயும் நமக்குத் தோணவே தோணாத கேள்வி அது.

என் ஓட்டு அட்டுவானுக்குத்தான். நூறு பக்கத்துக்கும் மேல இருட்டுலயே கதை நடக்குது, கையால தடவித் தடவி அவ எண்ணி வெச்சிருக்கற திருப்பங்கள நாமளும் எண்ணறோம், அங்க திடீர்னு கெட்-ஓட கைத்தடி நுனியில ஒரு வெளிச்சம் தெரியுதே, பொறந்ததுலேந்து வெளிச்சமே படாத அந்தக் குகை பூரா வைரம் மாதிரி மின்னுறத அவ மொதமொத பாக்கறா. அதுக்கு சமமா டெஹானுல ஒரு காட்சி எனக்குக் கெடைக்கல.

ஆனா நிறுத்தாதீங்க தோணிக்காரன். பிடிக்கலன்னாலும் முழுசா படிச்சுட்டு பிடிக்கலன்னு சொல்லுங்க. பாதியில நிறுத்துனா ஆறாவது புத்தகத்துல நீங்க எழக்கப் போறது ரொம்ப அதிகம்.


வார்டு_வாசகி:

இந்தத் திரிய ரெண்டு நாளா படிச்சுட்டு எழுதலாமா வேணாமான்னு யோசிச்சுட்டு இருந்தேன். எல்லாரும் கெட் பத்தியே பேசறீங்க, அந்தக் கொழந்தையப் பத்தி யாருமே பேசல.

நான் பதினாறு வருஷமா நர்ஸ், அதுல ஆறு வருஷம் தீக்காய வார்டு. எனக்கு மந்திரக் கதையெல்லாம் பழக்கமே இல்ல, டெஹானுவத்தான் மொதல்ல படிச்சேன், தலைகீழா. கூட வேல பாக்கற டாக்டரம்மா ஒருத்தங்க, இந்தப் புக்ல ஒரு கொழந்த வருது, நம்ம வார்டுப் புள்ளைங்க மாதிரியே இருக்கு, படிங்கன்னு குடுத்தாங்க.

தெர்ரு. சொந்தக்காரங்களே அடிச்சு நெருப்புல தள்ளுன புள்ள. முகத்துல ஒரு பக்கம் கருகிப் போச்சு, ஒரு கண்ணு போச்சு, ஒரு கை விரலெல்லாம் ஒட்டி நகம் மாதிரி ஆயிருச்சு, கொரல் கரகரன்னு ஆயிருச்சு. இத எழுதுனவங்க எங்க பாத்தாங்களோ எனக்குத் தெரியாது ஆனா நான் பாத்தது அப்படியே இருந்துச்சு. தீக்காயம் ஆறறப்போ தோல் சுருங்கும், விரல இழுத்து ஒண்ணோட ஒண்ணு ஒட்ட வெச்சுரும், அதனாலதான் நாங்க தனித்தனியா துணி வெச்சுக் கட்டுவோம், தினமும் நீட்டி மடக்கச் சொல்லுவோம், புள்ளைங்க வலில கத்தும். கத்துனாக்கூட பரவால்ல. கத்தாத புள்ளைங்க இருக்கும். டிரெஸ்ஸிங் பிரிக்கறப்போ சத்தமே வராது, சொவத்தப் பாத்துட்டே இருக்கும், நீ என்ன வேணா பண்ணிக்கோ நான் இங்க இல்லங்கற மாதிரி. தெர்ரு அப்படி ஒரு புள்ள. கதவுக்குப் பின்னாடி போய் நின்னுக்குவா.

அப்புறம் பாக்க வரவங்க. மொதல்ல பாப்பாங்க, பாத்த ஒடனே கண்ண எடுத்துருவாங்க, அப்புறம் புள்ள பாக்காதப்போ மறுபடியும் பாப்பாங்க. கடைசில யாராவது ஒருத்தர் என்ன பாவம் செஞ்சுச்சோன்னு சொல்லுவாங்க. அந்தப் புத்தகத்துலயும் ஊர் அப்படித்தான் நெனைக்குது, கெட்டது நடந்தவங்க மேல ஏதோ ஒரு கெட்டது இருக்கும்னு, தப்பு செஞ்சவன விட தப்புக்கு ஆளானவளப் பாத்து ஜனங்க பயப்படறாங்க. அந்தப் பக்கத்தப் படிச்சப்போ நான் புக்க மடில வெச்சுட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன், டியூட்டி ரூம்ல ஃபேன் சத்தம் மட்டும்.

அங்க இருக்கற எந்த மந்திரமும் அந்தத் தழும்ப எடுக்கல. எனக்கு அதுதான் பெரிய விஷயம். வேற யாரா இருந்தாலும் கடைசில ஒரு மந்திரம் போட்டு அழகான முகத்தக் குடுத்திருப்பாங்க. லெ குவின் குடுக்கல. அதுக்குப் பதிலா டெனார் தினமும் தலை வாரி விடறா, கத சொல்றா, நூல் நூக்கக் கத்துக் குடுக்கறா, உன்ன நான் விடமாட்டேன்னு திரும்பத் திரும்ப சொல்றா. தோணிக்காரன் தம்பி, நீங்க ஆட்டுப் பால் பாத்திரம் துணின்னு எழுதியிருக்கீங்கல்ல, எங்க வார்டுல நாங்க பண்றது அதுதான்பா. தண்ணி குடுக்கறது, தொடைக்கறது, துணி மாத்தறது. ஒரு புள்ள மூணு மாசம் கழிச்சு தானா டம்ளர எடுத்துக் குடிக்கும், அன்னைக்கு வார்டே சிரிக்கும்.

நேர்கோடு சொல்ற மாதிரி முடிவுல பெரிய சக்தி வருதுதான். ஆனா அதக் கூப்பிட்டது யாருன்னு பாருங்க. இதுக்கு மேல சொன்னா அவரு படிக்கறது கெட்டுரும்.


ஸ்கார்பரோ_வாசகி:

வார்டு வாசகி அக்கா, உங்கட பதிவை வாசிச்சிட்டு கன நேரம் ஒண்டும் எழுத ஏலாமல் இருந்தனான். நன்றி அக்கா.

நான் வேற ஒரு விசயம் சொல்லோணும். நாங்கள் கனடாவுக்கு வந்தபிறகு பதினாலு வயசில பள்ளிக்கூட லைப்ரரியில முதல் பாகத்தை எடுத்தனான். இங்கிலிஸ் அப்ப அவ்வளவு ஓடாது, ஒரு பக்கத்துக்கு நாலு தரம் டிக்ஸனரி பாக்கோணும். கொஞ்சம் கொஞ்சமா வாசிச்சுக்கொண்டு போகேக்கதான் விளங்கினது, கெட் செம்பு கலந்த மண்ணிறம், அவன்ர கூட்டாளி வெட்ச் கறுப்பு, அந்தத் தீவுச் சனம் முக்கால்வாசி எங்களை மாதிரித்தான். வெள்ளைத் தோலும் மஞ்சள் தலைமயிரும் ஆருக்கு எண்டால் கப்பல்ல வந்து ஊரை எரிக்கிற கார்காட் ஆக்களுக்கு. 1968இல ஒரு அமெரிக்க மனுசி இப்பிடி எழுதியிருக்கிறா எண்டதை யோசிச்சுப் பாருங்கோ. அதையும் முதல் பக்கத்திலயே சொல்லேல்ல, வாசிக்கிற ஆள் கெட்-ஓட நல்லா ஒட்டினபிறகு மெல்ல மெல்லத்தான் சொல்லுறா, வேணுமெண்டுதான் அப்பிடிச் செய்தவ. அவவின்ர தகப்பன் ஆல்ஃபிரட் க்ரோபர் பெரிய மானுடவியலாளர், தாய் தியடோரா க்ரோபர் ‘இஷி’ எண்ட கடைசி யாஹி மனுசனைப் பற்றிப் புத்தகம் எழுதினவ. வெள்ளைக்காரர் வந்ததால அழிஞ்சுபோன சனங்களின்ர கதை கேட்டு வளந்த வீடு அது.

ஆனா அட்டைப்படத்தில அவன் வெள்ளையாத்தான் வந்தவன், திரும்பத் திரும்ப, அவ பதிப்பகங்களோட வருசக்கணக்கா சண்டை பிடிச்சவ. முதல் பதிப்புக்கு ரூத் ராபின்ஸ் கீறின படத்தில நிறம் சரியா இருந்தது. 2004இல டிவிக்கு எடுத்தாங்கள், அதிலயும் கெட் ஒரு வெள்ளைப் பெடியன். அவ பேசாமல் இருக்கேல்ல, என்ர எர்த்ஸீயை வெள்ளையடிச்சுப் போட்டாங்கள் எண்டு பகிரங்கமா எழுதினவ. நான் அதை அந்த நேரமே வாசிச்சனான். எனக்கு ஆரோ என்ர பக்கத்தில நிண்டு கதைச்ச மாதிரி இருந்தது, உண்மையா.

2018 ஜனவரியில அவ செத்துப்போனவ, போர்ட்லண்டில, வயசு 88. அந்த வருசக் கடைசியில ஆறு புத்தகமும் ஒண்டாச் சேந்த பெரிய தொகுப்பு வந்தது, சார்ல்ஸ் வெஸ் படம் கீறினது, அவவோட சேந்து நாலு வருசம் வேலை செய்து கீறினவர். அதில கெட் மண்ணிறம், டெனார் வெள்ளை, வயசுபோன டெனாருக்கு வயசுபோன முகம். என்ர மகளுக்கு அதைத்தான் வாங்கி வச்சிருக்கிறன், பத்து வயசு, இப்ப ரெண்டாம் பாகத்தில நிக்கிறா. டெஹானுவை இன்னும் நாலஞ்சு வருசம் கழிச்சுக் குடுப்பம் எண்டு நினைக்கிறன். அக்கா என்ன சொல்லுறீங்கள்?


வார்டு_வாசகி:

அவசரப்படுத்தாதீங்கமா. பதினாலு பதினஞ்சு ஆகட்டும். குடுக்கறப்போ நீங்களும் கூடவே மறுபடியும் படிங்க, நடுவுல அவளுக்குப் பேசத் தோணும்.


தோணிக்காரன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பதில் போட லேட் ஆயிடுச்சு, ஏன்னா படிச்சுட்டு இருந்தேன்.

முதல்ல பழையபுத்தகம் ஐயா சொன்ன மாதிரி மூணாவதோட கடைசிப் பக்கத்தப் படிச்சேன், அப்புறம் டெஹானுவ விட்ட எடத்துலேந்து ஆரம்பிக்காம முதல்லேந்தே ஆரம்பிச்சேன். போன தடவ நான் வேகமா தாண்டிட்டுப் போன எடம் ஓகியன் சாவு. கெட் எப்போ வருவான்னு பாத்துட்டே படிச்சதுல அது மனசுல நிக்கவே இல்ல. இந்த தடவ படிச்சா, அவர் சாகறப்போ தன்னோட நெசப் பேர (அது தெரிஞ்சவங்க கைல நம்ம உசுரே இருக்கற மாதிரி, அதனால யாரும் லேசுல சொல்ல மாட்டாங்க) டெனார் கிட்ட சொல்லிட்டுப் போறார், அந்த ஊர்ல அது எவ்ளோ பெரிய விஷயம்னு முத புத்தகத்துலேந்து நமக்குத் தெரியும். அதுக்கப்புறம் ரெண்டு மந்திரவாதிங்க வந்து ஒடம்ப எங்க பொதைக்கறதுன்னு சண்ட போடறாங்க, அவ சொல்றா அவர் பேர் ஐஹால், அவர் இங்கயே இருக்கணும்னு ஆசப்பட்டார்னு. அவங்க காதுல அது விழவே இல்ல. கிராமத்துப் பொம்பள ஒருத்தி ஏதோ சொல்றான்னு ஒருத்தன் திரும்பிக்கறான். நானும் போன தடவ அதான பண்ணேன். அவ பேசிட்டு இருந்தா, நான் கெட் எங்கன்னு தேடிட்டு இருந்தேன்.

கடைசி நூறு பக்கத்த நேத்து ராத்திரி ஒரே மூச்சுல முடிச்சேன். டெனார் பையன் ஸ்பார்க் கடல்லேந்து திரும்பி வரான்ல, சாப்பிட்ட தட்ட எடுக்க மாட்டேங்கறான், அது பொம்பள வேலைங்கறான், அந்த வீட்டுல கெட் பாத்திரம் கழுவறான். தலைமை மந்திரவாதியா இருந்தவன். அந்தப் பக்கத்துல நிறுத்திட்டு சமையக்கட்டுப் பக்கம் போனேன், எங்கம்மா சிங்க்ல எல்லாத்தையும் போட்டு வெச்சுட்டு தூங்கப் போயிருந்தாங்க, காலைல அஞ்சு மணிக்கு எழுந்து அவங்கதான் கழுவுவாங்க, எனக்கு இருபத்தெட்டு வயசு. கழுவி வெச்சுட்டு வந்துதான் மீதியப் படிச்சேன்.

வார்டு வாசகி அக்கா, யாரு கூப்பிட்டதுன்னு பாருங்கன்னு சொன்னீங்கல்ல. பாத்தேன். அந்தக் கரகரன்னு இருக்கற கொரல்ல.

நேர்கோடு சொன்னதும் சரிதான், ஆஸ்பன் வர எடமெல்லாம் எனக்கும் ஒட்டல, அவன் யாருன்னே புரியாம கத முடிஞ்சுருச்சு. ஆனா எனக்கு இப்போ கோவம் இல்ல. கெட் ஒளிஞ்சுக்கற பகுதி இன்னும் படிக்கக் கஷ்டமாதான் இருக்கு, கஷ்டமா இருக்கணும்னுதான் எழுதியிருக்காங்கன்னு தோணுது. அந்த நெசவுக்காரர் வீட்டு விசிறி ஒண்ணு வருதே, ஒரு பக்கம் மனுஷங்க, மறு பக்கம் டிராகன், வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சா ரெண்டும் ஒண்ணாத் தெரியும், அதுக்கு மேல ஏதோ இருக்குன்னு நெனைக்கறேன், அது அடுத்த புக்ல வருமா? இதுக்கு ‘எர்த்ஸீயோட கடைசிப் புத்தகம்’னு போட்டிருக்கே, அப்புறம் எப்படி இன்னும் ரெண்டு இருக்கு?


பழையபுத்தகம்:

தம்பி, 1990ல அவங்களும் அதுதான் கடைசின்னு நெனச்சாங்க. அப்புறம் 2001ல ஒரே வருஷத்துல ரெண்டு வந்துச்சு. அவங்களே அப்படி அட்டையில போட்டது தப்புன்னு ஒத்துக்கிட்டாங்க.

அடுத்தது ‘டேல்ஸ் ஃப்ரம் எர்த்ஸீ’, அஞ்சு கதை, சிறுகதைதானேன்னு தாண்டிடாத. நெறைய பேர் நேரா ‘தி அதர் விண்ட்’க்குப் போயிட்டு இந்த ஐரியன் யாருன்னு முழிக்கறாங்க. முத கதை ‘தி ஃபைண்டர்’ கொஞ்சம் நீளம், ரோக் பள்ளிக்கூடம் எப்படி ஆரம்பிச்சுதுன்னு வரும், பொம்பளைங்களே கூடாதுன்னு சொல்ற அந்த எடத்தக் கட்டுனதுல பொம்பளைங்களும் இருந்தாங்கன்னு அதுலதான் தெரியும். கடைசிக் கதை ‘டிராகன்ஃப்ளை’, உன் விசிறிக் கேள்விக்குப் பாதி பதில் அதுல இருக்கு, மீதி ஆறாவதுல.


நேர்கோடு:

ஆறாவதுல தொடக்கத்துலயே ஓட்டை ஒடசல் பானை ஒட்டவைக்கற ஒரு சாதாரண ஆளு வருவான், ஆல்டர். பொண்டாட்டி செத்துப் போனவன், தெனம் கனவுல செத்தவங்க தேசத்துச் செவத்துக்குப் போறான், அந்தப் பக்கத்துலேந்து அவ கூப்பிடறா. மூணாவது புத்தகத்துல செத்தவங்க தேசத்தப் படிச்சப்போ இது ஏன் இப்படி வறண்டு கெடக்குன்னு உங்களுக்குத் தோணியிருந்தா, அந்தக் கேள்விய லெ குவினும் முப்பது வருஷம் மனசுல வெச்சிருந்தாங்கன்னு தெரியும். டெஹானு மேல எனக்கு இருக்கற குறையெல்லாம் இந்தப் புத்தகத்து மேல இல்ல.


வார்டு_வாசகி:

அதர் விண்டோட கடைசிப் பக்கத்துல கெட்-உம் டெனாரும் ரெண்டு மூணு வரிதான் பேசிக்குவாங்க, வீட்டப் பத்தி. முன்கூட்டியே எட்டிப் பாக்காதீங்க தம்பி. நைட் டியூட்டிக்குக் கெளம்பறேன், முடிச்சுட்டு எழுதுங்க.